கஞ்சி மாவில் ஒரு கரண்டி

மாதாஜி திண்டிவனத்துக்கு வரப்போகிறார் என்று செய்தி வந்த நாளிலிருந்து ப்ரியதர்ஷினி தட்டுச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள். ஊரிலுள்ள நயினார் வீடுகள், அதாவது தமிழ் ஜைனர் வீடுகளெல்லாம் கல்யாணக் களையில் இருக்க, இவள் மட்டும் படிக்காமல் பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். கணவன் ஜினசந்திரன், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவன், என்னவென்று ஒன்றிரண்டு முறை கேட்டான். வேலை அதிகம் என்று சொல்லிவிட்டாள். வேலை ஒன்றும் அதிகமில்லை.

மாதாஜி என்றால் ஜைனப் பெண் துறவி. வெள்ளைப் புடவை, மயிற்பீலி, கமண்டலம், அவ்வளவுதான் உடைமை. ஊர் ஊராகச் செருப்பில்லாமல் நடப்பவர். நாளுக்கு ஒரே வேளைதான் சாப்பாடு, அதையும் குவித்த கைகளில்தான் வாங்கிச் சாப்பிடுவார். எந்த வீட்டில் சாப்பிடுவார் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. விரதம் தவறாதவர்கள் வாசலில் நின்று முறைப்படி அழைக்க வேண்டும். அவர் நின்றால் அந்த வீட்டுக்குப் பாக்கியம். நிற்காவிட்டால் அடுத்த வீட்டுக்கு.

ப்ரியதர்ஷினியின் மாமியார் ரத்னமாலாவுக்கு இந்தப் பாக்கியம் வாழ்க்கையில் ஒரு தடவைகூட வாய்த்ததில்லை. போன முறை ஒரு மாதாஜி இந்தத் தெரு வழியாக வந்தபோது அவளால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. மகனோ கண்ட நேரத்தில் கண்டதைத் தின்கிறவன், மருமகள் விரதம் எதுவும் எடுக்காதவள், அழைக்கிற தகுதி இருவருக்கும் கிடையாது. கூட்டம் தன் வீட்டைத் தாண்டிப் போகிற சத்தத்தைப் படுத்தபடியே கேட்டுவிட்டு, ரத்னமாலா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு ரொம்ப நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இந்த முறை கால் நன்றாக இருந்தது. அதுதான் சிக்கல்.

கால் கெட்ட கதையை முதலில் சொல்லியாக வேண்டும். முதலில் இடுப்பு வலி, பிறகு தொடை வலி, பிறகு படி ஏற முடியாமல் போனது. விழுப்புரத்தில் எலும்பு டாக்டர் கோதண்டபாணி ரத்தப் பரிசோதனைத் தாளை மேலும் கீழும் பார்த்தார். "விட்டமின் டி எட்டுதாம்மா இருக்கு. முப்பதாவது வேணும். எலும்பு மெத்து மெத்துன்னு ஆயிக்கினு வருது. உழுந்தீங்கன்னா உடைஞ்சிடும்" என்றார். தார் ரோடு உருகுகிற ஜில்லாவில், வெயில் சும்மா கொடுக்கிற சத்து உடம்பில் இல்லையாம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ரத்னமாலாவின் தோலுக்கு வெயில் ஆகாது. கொஞ்ச நேரம் நின்றாலே கையெல்லாம் தடித்துச் சிவந்து கொப்பளம் கண்டுவிடும். ஆகவே வெயில் போயிற்று. டாக்டர் மாத்திரை எழுதினார்.

இங்கேதான் மாமியாரின் விரதமும் மருமகளின் படிப்பும் முட்டிக்கொண்டன. ப்ரியதர்ஷினி உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். ரத்னமாலா மாத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்த மேல் கூடு எதுல செஞ்சதும்மா?" என்று கேட்டாள்.

"ஜெலட்டின் அத்தை. மாட்டு எலும்பு, தோலு இதுல இருந்து எடுப்பாங்க."

மாத்திரை போயிற்று. டாக்டர் பொடியாக வருகிற மருந்தை எழுதிக் கொடுத்தார். அது எதிலிருந்து என்று கேட்டாள். ஆட்டு ரோமத்தில் ஒட்டியிருக்கிற கொழுப்பிலிருந்து, ஆட்டைக் கொல்வதில்லை என்றாள் மருமகள். "அது வெட்டறதுக்கு வளக்கற ஆடா, சும்மா வளக்கற ஆடா?" என்றாள் மாமியார். இது பாடப்புத்தகத்தில் வராத கேள்வி. பொடியும் போயிற்று. சென்னையிலிருந்து வரவழைத்த சொட்டு மருந்து சுத்த சைவம் என்று மேலே போட்டிருந்தது. அது ஈஸ்ட்டிலிருந்து எடுத்தது, ஈஸ்ட் என்றால் பூஞ்சை வகையைச் சேர்ந்த நுண்ணுயிர் என்று இவள் விளக்கினாள். சொட்டும் போயிற்று. கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும் வியாதி ப்ரியதர்ஷினிக்கு அந்தக் காலத்தில் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் மாமியாருக்குக் குளியலறையில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டுக்கொண்டு, உட்காரவும் படுக்கவும் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில் ரத்னமாலா அழுவாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு ப்ரியதர்ஷினியால் இருக்க முடியவில்லை. மாமியார் என்பதற்காக வந்த பாசம் இல்லை அது. நயினார் வீட்டு மருமகள் காளான் கம்பெனிக்கு வேலைக்குப் போவதா என்று உறவெல்லாம் வாயில் போட்டு மென்றபோது, "எம் மருமவ காளானைத் திங்கப் போவல, சோதிக்கப் போறா. உங்க வேலையப் பாத்துக்கினு போங்க" என்று தெருவில் நின்று சொன்னவள் ரத்னமாலாதான்.

அந்தக் கம்பெனி விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே இருந்தது. முதலாளி நெடுஞ்செழியன் சிப்பிக்காளான் வளர்த்துச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்தவர் புற ஊதா விளக்கு வைத்த பெட்டி ஒன்றை வாங்கி இறக்கிவிட்டார். காளானுக்குள் ஒரு பொருள் இருக்கிறது. புற ஊதா ஒளி பட்டால் அது விட்டமின் டி ஆகிவிடும். மனுஷத் தோல் வெயிலில் செய்கிற வேலையைக் காளான் விளக்கில் செய்கிறது, அவ்வளவுதான். பறித்த காளானைக் கிழித்துத் தட்டில் பரப்பிப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். ஊதா நிறத்தில் பெட்டி முனகும். சில நிமிஷம் போதும். கதவைத் திறந்தால் விளக்கு தானாக அணைந்துவிடும், அந்த ஒளி கண்ணுக்கு ஆகாது. பிறகு உலர்த்தி அரைத்தால் பொடி.

தட்டு தள்ளுகிற லூர்துமேரிக்கு இது பெரிய வேடிக்கை. "ஏன் மேடம், பொறந்ததுல இருந்து இருட்டுலயே கெடந்த காளானுக்கு அஞ்சு நிமிசம் வெளிச்சம் காட்டினா இவ்ளோ சத்தா? நாங்க வருசம் பூரா வயக்காட்டுல வெயில்ல காஞ்சமே, எங்களத் தின்னா என்னா சத்து இருக்கும்?" என்பாள். ப்ரியதர்ஷினி சிரிப்பாள். பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்த அன்று சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கரண்டிப் பொடியில் ஒரு நாளைக்கு வேண்டியதற்கு மேலேயே இருந்தது. பொடியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். கேப்பை மாவு நிறத்தில் இருந்தது.

நினைப்பு வந்தது அப்போதுதான். வந்தது போகவில்லை.

ரத்னமாலா காலையில் குடிப்பது கேப்பை, வறுத்த மல்லாட்டை, பொட்டுக்கடலை, ஏலக்காய் போட்டு அரைத்த கஞ்சி. மணிக்கட்டு உடைந்த பிறகு அரைப்பதும் காய்ச்சுவதும் மருமகள் கையில் வந்திருந்தது. முதல் நாள் ஒரு கரண்டி கலந்தபோது பாதி மேடையில் கொட்டியது. அதைத் துணியால் துடைத்து, துணியைத் துவைத்து, மேடையை மறுபடி கழுவினாள். ரத்னமாலா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏலக்கா தூக்கலா இருக்கே" என்றாள். "வேணும்னுதான் போட்டேன் அத்தை" என்றாள் இவள். அது உண்மைதான். அந்தக் கஞ்சியைப் பற்றி ரொம்ப நாளைக்கு அவள் உண்மையாகச் சொன்ன கடைசி வாக்கியமும் அதுதான்.

காளான் அந்த அம்மாளுக்கு வெறும் பிடிக்காத காய் இல்லை. எண்ணிலடங்கா உயிர் குடியிருக்கிற பண்டம், நாக்கில் படக்கூடாது என்று இளவயதில் மாதாஜி ஒருவர் முன்னால் கைகூப்பி எடுத்த விரதம். இதெல்லாம் ப்ரியதர்ஷினிக்குத் தெரியும். தெரிந்துதான் கலந்தாள். மூன்று மாதம் கலந்தாள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் ரத்னமாலா தானாகக் கட்டிலிலிருந்து எழுந்தாள். மூன்றாம் மாதம் வெயில் வருமுன் மொட்டைமாடிக்கு ஏறி வடகம் பிழிந்துவிட்டு இறங்கி வந்தாள். விழுப்புரத்துக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். இருபத்தெட்டு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மருந்தே வேணாம்னீங்களே, என்னாம்மா சாப்பிட்டீங்க?" என்றார்.

"எம் மருமவ கையால கஞ்சி" என்றாள் ரத்னமாலா, பெருமை தாங்காமல். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். பஸ்ஸில் சொல்லலாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம். நாளை என்பது வந்துகொண்டே இருந்தது. அதற்குள் மாதாஜி வரும் செய்தி வந்துவிட்டது.

செய்தி வந்த அன்றே பொடி கலப்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் தின்றது தின்றதுதானே. மாதாஜி வாசலில் நின்றதும் அழைப்பவர் வாய்விட்டு ஒன்று சொல்ல வேண்டும். மன சுத்தி, வசன சுத்தி, காய சுத்தி, ஆகார ஜல சுத்தி. என் மனம் சுத்தம், சொல் சுத்தம், உடம்பு சுத்தம், சோறும் நீரும் சுத்தம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பொருள். இதைச் சொன்னால்தான் அவர் உள்ளே வருவார். அவர் வேறெதையும் சோதிப்பதில்லை, இந்த வார்த்தையை மட்டும்தான் நம்புகிறார். சோறு சுத்தமாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. உடம்பு? விலக்கியதைச் சாப்பிட்டவர் பிராயச்சித்தம் செய்துகொள்ளாமல் அந்த இடத்தில் நிற்கக்கூடாது. ரத்னமாலாவோ பருப்பு கழுவும்போதும் விளக்கு துடைக்கும்போதும் அந்த நான்கையும் முணுமுணுத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பள்ளி விழாவில் பேசப்போகிற பிள்ளை மாதிரி. காய சுத்தி என்று வரும்போதெல்லாம் ப்ரியதர்ஷினி காதில் விழாதபடி பாத்திரத்தை உருட்டினாள்.

தாங்க முடியாமல் கணவனிடம் சொன்னாள். மண்டியில் மூட்டைகளுக்கு நடுவில் வைத்துச் சொன்னாள். ஜினசந்திரன் கொஞ்ச நேரம் மல்லாட்டையை உரித்துக்கொண்டே இருந்தான், தின்னவில்லை.

"அம்மாவ நடக்க வெச்சிருக்க. அதுக்கு ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இப்பப் போயி சொல்லிக்கினு இருக்காத. மாதாஜி போவட்டும்."

"அத்தை வாயால பொய் சொல்ல வெக்கறமேங்க."

"தெரியாம தின்னது பாவம் ஆவாது. தெரியாம சொன்னதும் ஆவாது."

"அவங்களுக்கு ஆவாது. எனக்கு?"

"அத நீயே வெச்சுக்கோ" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த நியாயம் அது. அம்மாவின் சந்தோஷத்துக்கு ஆகிற செலவை மனைவி தலையில் எழுதிவிட்டு அவன் லாரிக்காரனோடு பேசப் போய்விட்டான். பேஜாரு பிடித்த மனுஷன் என்று திட்டிக்கொண்டே அவள் வீட்டுக்கு நடந்தாள். திட்டினாலும், அவன் சொன்னதைக் கேட்டுவிடலாமா என்ற ஆசையும் கூடவே நடந்து வந்தது.

மாதாஜி ஊருக்குள் வந்து ஜைனக் கோயிலான ஜினாலயத்தில் தங்கிவிட்டார். அன்று சாயங்காலம் ப்ரியதர்ஷினி துணிந்து சமையலறைக்குள் போனாள். ரத்னமாலா நாற்காலி மேல் ஏறி நின்று பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"இரு இரு. பாத்தியா ப்ரியா, நாக்காலி மேல ஏறிட்டேன். போன வருசம் இந்நேரம் கக்கூசுக்கு ஒன் தோளப் புடிச்சிக்கினு போனேன்." சிரித்துக்கொண்டே ஒரு செம்பை நீட்டினாள். "சொல்லு, என்னா?"

"கீழ பாத்து எறங்குங்கன்னு சொல்ல வந்தேன்" என்று செம்பை வாங்கிக்கொண்டாள் ப்ரியதர்ஷினி. தன்னைப் போல ஒரு கோழை திண்டிவனத்திலேயே கிடையாது என்று நினைத்தாள்.

மறுநாள் காலை வீடே மாறியிருந்தது. கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சியாயிற்று. புதிதாகக் குத்திய அரிசி, பருப்பு, நெய், பால் எல்லாம் ரத்னமாலாவே தனியாகச் சமைத்து முடித்திருந்தாள். குளித்து, தோய்த்துக் காய்ந்த புடவை கட்டி, கலசத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ஜினசந்திரன் பின்னால் கைகட்டி நின்றான். இந்தத் தெருவில் இன்னும் மூன்று வாசல்களில் இதேபோல ஆட்கள் நின்றார்கள். தெருமுனையில் வெள்ளைப் புடவையும் பின்னால் சிறு கூட்டமும் தெரிந்தன.

ரத்னமாலாவின் உதடுகள் அசைந்தன. மன சுத்தி, வசன சுத்தி.

"அத்தை" என்றாள் ப்ரியதர்ஷினி. ஜினசந்திரன் திரும்பி முறைத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. "நீங்க அதச் சொல்லக் கூடாது அத்தை. கஞ்சி மாவுல காளான் பொடி கலந்து குடுத்தேன். மூணு மாசம். அதனாலதான் கால் சரியாச்சு."

ரத்னமாலா கலசத்திலிருந்து கண்ணை எடுத்து மருமகளைப் பார்த்தாள். புரியாதது மாதிரி இல்லை, ரொம்ப தூரத்தில் இருப்பவரை அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரிப் பார்த்தாள்.

"நம்ம கம்பெனிக் காளானா?"

"ஆமா."

தெருவில் கூட்டம் நெருங்கிவிட்டது. முதல் வாசலில் அழைத்தார்கள். மாதாஜி நிற்கவில்லை. ரத்னமாலா ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தாள். இன்னொரு அடி. வாசற்படிக்கு உள்ளே வந்து நின்றுகொண்டாள். மாதாஜி அந்த வாசலுக்கு நேரே வந்தார், வெயிலில் கறுத்த சின்ன முகம். ஒரு கணம் நின்றார். அழைத்திருந்தால் உள்ளே வந்திருப்பார், அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் அழைக்கவில்லை. ரத்னமாலா குனிந்து வணங்கினாள், வாய் திறக்கவில்லை. அவர் கடந்து போனார். அடுத்த வீட்டு வாசலில் ஸ்ரீபால் நயினாரின் மனைவி குரலெடுத்து அழைப்பதும், அந்த நான்கு சுத்தியைச் சொல்வதும், கூட்டம் அந்த வீட்டுக்குள் நுழைவதும் வரிசையாகக் கேட்டன.

ஜினசந்திரன் மனைவியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ கடைக்குப் போ சந்திரா" என்றாள் ரத்னமாலா. அவன் போய்விட்டான்.

சமையலறையில் செய்து வைத்த சோறும் பருப்பும் மூடியபடி இருந்தன. ரத்னமாலா கலசத்தை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். முட்டியை மடக்கி, எதையும் பிடிக்காமல் உட்கார்ந்தாள். ப்ரியதர்ஷினிக்கு அதைப் பார்க்கவே வேதனையாக இருந்தது. திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தாள்.

"நீங்க வலியில அழுதீங்க அத்தை. என்னால கேக்க முடியல."

"அழுதேன். எங் காலு, என் வலி." ரத்னமாலாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ நடக்க வெச்ச. இல்லன்னு சொல்லல. மாத்திரை, பொடி, சொட்டு, மூணுக்கும் எதுல செஞ்சதுன்னு கேட்டேன், சொன்ன. நாலாவதுக்கு ஏன் நீயா வந்து சொல்லல?"

"சொன்னா நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

ப்ரியதர்ஷினி மூடி வைத்திருந்த சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"எனக்கே தெரியாது ப்ரியா. மணிக்கட்டு ஒடஞ்சி கெடந்தப்ப நீ வந்து, அத்தை, காளான்தான் இருக்கு, வேற வழியில்லன்னு கேட்டிருந்தா நான் என்னா சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. விரதத்த நானே விட்டிருந்தா அது நான் விட்டது. காப்பாத்தியிருந்தா நான் காப்பாத்துனது. ரெண்டும் இல்லாம பண்ணிட்ட."

பக்கத்து வீட்டில் மணி அடித்தார்கள். மாதாஜி சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். ரத்னமாலா அந்தத் திசையைப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஜினாலயத்துக்குப் போய் மாதாஜியிடம் சொல்லிப் பிராயச்சித்தம் கேட்கப்போவதாகச் சொன்னாள். தானும் வருகிறேன் என்றாள் ப்ரியதர்ஷினி.

பிறகு ரத்னமாலா, "இப்பக் கேளு" என்றாள்.

"என்னா அத்தை?"

"அன்னிக்கிக் கேக்க வேண்டியத. இப்பக் கேளு."

ப்ரியதர்ஷினி எதிரில் உட்கார்ந்தாள். "கஞ்சியில காளான் பொடி போட்டா உங்க காலு இப்பிடியே இருக்கும் அத்தை. போடலன்னா கொஞ்ச கொஞ்சமா திரும்ப வலி வரும். விழுந்தா உடையும். எனக்கு வேற வழி தெரியல. போடட்டுமா?"

ரத்னமாலா மடக்கியிருந்த கால்களை நீட்டினாள். அவற்றைப் பார்த்தாள். முட்டியைத் தடவினாள். கணுக்காலை ஒரு முறை சுழற்றினாள். மூன்று மாதமாக மாமியாரின் பதில் தனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தவளுக்கு, இந்த அம்மாள் இப்போது என்ன சொல்லப்போகிறாள் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

"வேணாம்" என்றாள் ரத்னமாலா. கண் கலங்கியிருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "நாளைக்கும் கேளு."